இரயில் பெட்டியில் எழுதிய விஞ்ஞானி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழாக் குழுவினர் நம்மை அணுகி, விரும்பிய பொருள் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு பணித்தனர். இம்மேடையில் ஆண்டுதோறும் வள்ளுவரும் இளங்கோவும் கம்பரும் உலா வருகின்றனர். அவர்களைப் பற்றி எடுத்துரைக்க நம்மினும் தக்க புலவர் பெருமக்கள் இவ்வவையில் உளர். எனவே, இம்மேடைக்குப் புதியவரான ஒருவரை இன்று உடன் அழைத்து வந்துள்ளோம். அவர் தமிழரல்லர், பிறப்பால் இந்தியரும் அல்லர். ஆயினும் இந்நாட்டை விரும்பி வந்து, இந்நாட்டின் குடிமகனாகி, இம்மண்ணிலேயே உயிர் நீத்தவர். அவர்தாம் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் மரபியல் அறிஞர்.

இரயில்வே குமாஸ்தாவுக்கும் மரபியல் விஞ்ஞானிக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் வினவக் கூடும். உறவு இரண்டு உண்டு. 1927-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியின் முன்னுரையில், அக்கட்டுரைகளுள் பெரும்பகுதி இரயில் பயணங்களின்போது எழுதப்பட்டதென அவரே கூறியுள்ளார். காலையில் டெக்கான் குயீனில் ஏறி மும்பைக்குச் செல்லும் நம் அன்பர்கள், கர்ஜத் வருமுன் எத்தனை சீட்டாட்டம் முடிக்கின்றனர் என்பதை நாம் அறிவோம். அதே நேரத்தில் ஒருவர் ஒரு நூலையே எழுதி முடித்திருக்கிறார் என்றால், இரயில்வே ஊழியராகிய நாம் அவரைச் சொந்தம் கொண்டாடாமல் இருக்க முடியுமா? இது முதல் உறவு. மற்றோர் உறவு நம் வீட்டுத் திருமணங்களைப் பற்றியது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

ஹால்டேன் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் சுவாச இயலில் பேரறிஞர். நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் உயிரைக் குடிக்கும் நச்சுக் காற்றுகளை ஆராய்ந்தவர். ஒரு நாள் அவர் தம் சிறு மகனைச் சுரங்கத்துள் அழைத்துச் சென்று, ஓரிடத்தில் நிற்க வைத்து, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஆண்டனி ஆற்றும் உரையை ஒப்பிக்கச் சொன்னார். பாதி சொல்வதற்குள் சிறுவனுக்கு மூச்சு வாங்கியது, கால்கள் துவண்டன, தரையில் வீழ்ந்தான். வீழ்ந்தவுடன் மூச்சு இயல்பாக வந்தது. மீதேன் என்னும் சுரங்கக் காற்று, நாம் சுவாசிக்கும் காற்றைவிட இலேசானது. ஆதலின் அது மேலே தங்கும். தரையோரத்தில் நல்ல காற்று இருக்கும். இப்பாடத்தை அச்சிறுவன் நூலில் படித்து அறியவில்லை. தன் மூச்சினாலேயே கற்றான். கற்றதை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

இவர் பின்னாளில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மரபியல் பேராசிரியராக விளங்கினார். ஆனால், அவர் விஞ்ஞானத்தில் பட்டம் எதுவும் பெற்றவரல்லர் என்பதை அறிந்தால் வியப்பீர்கள். ஆக்ஸ்போர்டில் முதலில் கணிதம் பயின்றார். பின்னர்ப் பண்டைக் கிரேக்க இலத்தீன் இலக்கியங்களும் தத்துவமும் பயின்று 1914-இல் தேறினார். உடனே உலகப் போர் மூண்டது. படையில் சேர்ந்து, மெசபட்டோமியாவில் காயமுற்று, சிகிச்சைக்காக இந்தியா வந்து சேர்ந்தார். மத்திய இந்தியாவின் மௌ படை முகாமில் வெடிகுண்டுப் பயிற்சி அளிக்கும் ஆசிரியராகவும் இருந்தார். இந்நாட்டை அவர் முதன்முதல் கண்டது அப்பொழுதுதான்.

போருக்குப் பின் கேம்பிரிட்ஜிலும், அதன்பின் இலண்டனிலும் அவர் ஆற்றிய பணி பெரிது. டார்வின் கூறிய இயற்கைத் தேர்வை மெண்டலின் மரபு விதிகளோடு இணைத்துக் கணக்கில் அடக்கிக் காட்டிய மூவருள் ஹால்டேன் ஒருவர். ஏனையோர் பிஷரும் ரைட்டும் ஆவர். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இங்கிலாந்தின் தொழில் நகரான மான்செஸ்டர்ப் பகுதியில் வெளிர் நிற அந்துப்பூச்சி ஒன்று உண்டு. 1848-இல் அதன் கருநிற வகை அங்கே காணப்பட்டது. ஆலைப் புகையால் மரங்கள் கறுத்தன. கறுத்த மரத்தில் கரும்பூச்சி பறவையின் கண்ணுக்குத் தப்பியது. வெளிர் பூச்சி இரையாயிற்று. அரை நூற்றாண்டுக்குள் அங்குப் பெரும்பாலான பூச்சிகள் கருநிறமாகிவிட்டன. இத்துணை விரைவாக மாற வேண்டுமாயின், கரும்பூச்சியின் சந்ததி வெளிர் பூச்சியினதைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்திருக்க வேண்டும் என 1924-இல் அவர் கணக்கிட்டார். பிற்காலத்தில் காட்டிலும் தோப்பிலும் ஆராய்ந்தோர், தேர்வின் வலிமை அத்துணை கடுமையாக இருக்கக் கூடும் என்பதை மெய்ப்பித்தனர்.

இவ்வளவு கணக்குப் போட்டவர் பேராசிரியர்களுக்காக மட்டும் எழுதிக்கொண்டிருந்தால், நாம் இன்று அவரைப் பற்றிப் பேச நேர்ந்திராது. ஆய்வுக்கூடங்களுள் நடப்பதை அறியப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு; அவற்றுட் சிலவற்றிற்கு அவர்கள்தாமே பணம் தருகின்றனர் என்பது அவருடைய கொள்கை. 1937 முதல் 1950 வரை இலண்டனில் வெளிவந்த ‘டெய்லி ஒர்க்கர்’ என்னும் தொழிலாளர் நாளிதழில் முந்நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானக் கட்டுரைகளை எழுதினார். அவற்றைப் படித்தோர் சுரங்கத்திலும் பட்டறையிலும் உழைத்தோர். ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் விமானக் குண்டுவீச்சினை நேரில் கண்டு வந்து, பொதுமக்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகளை விளக்கி 1938-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் குழந்தைகளுக்காக ஒரு மந்திரவாதியின் கதைகளையும் எழுதி மகிழ்வித்தார்.

ஹால்டேன் குறையே இல்லாதவர் என்று நாம் கூற வரவில்லை. அவர் பொதுவுடைமைக் கட்சியில் தீவிரமாக ஈடுபட்டிருந்தார். சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் மரபியலையே மறுத்து, மெய்யான மரபியல் அறிஞர்களை அடக்கியபோது, ஹால்டேன் உரிய காலத்தில் உரிய வன்மையுடன் கண்டிக்கவில்லை. பிறருக்கு விஞ்ஞானம் போதித்தவர், தம் கட்சிப் பற்று குறுக்கிட்ட இடத்தில் தயங்கினார். பின்னர்க் கட்சியினின்றும் விலகினார். எவ்வளவு கற்றவரேயாயினும் அவர் சொல்லையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்பதற்கு இஃது ஒரு பாடம்.

இனி, அவர் எழுதிய முறையைக் காண்போம். பொதுமக்களுக்கான விஞ்ஞானக் கட்டுரையை எங்ஙனம் எழுதுவது என்று அவரே ஒரு கட்டுரை வரைந்துள்ளார். அதன் சாரம் இதுதான்: படிப்பவர் அறிந்த பொருளிலிருந்து தொடங்குக, வாக்கியங்களைச் சிறியனவாக அமைக்க, உன் புலமையைக் காட்ட எழுதாதே, எழுதி முடித்தபின், அப்பொருளை அறியாத நண்பரிடம் கொடுத்துப் படிக்கச் செய்க. எளிய விதிகள், ஆனால் கடைப்பிடிப்போர் மிகச் சிலர்.

உயிர்களின் உருவ அளவு பற்றிய அவருடைய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அதன் கருத்தை நம் வழியில் கூறுவோம். கும்பகருணன் நம்மைப் போல் பத்து மடங்கு உயரம் என்று கொள்வோம். உயரம் பத்து மடங்கானால் அகலமும் பத்து மடங்கு, பருமனும் பத்து மடங்கு. எனவே எடை 10 × 10 × 10, அதாவது 1,000 மடங்கு. ஆனால் எலும்பின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அது 10 × 10, அதாவது 100 மடங்கே. ஆக, அவன் எலும்பின் ஒவ்வோர் அங்குலமும் நம் எலும்பைவிடப் பத்து மடங்கு சுமை தாங்க வேண்டும். இலங்கையின் மாவீரன் போர்க்களம் செல்லப் படுக்கையினின்றும் எழுந்து ஓரடி வைத்தால், தொடை எலும்பே முறிந்துவிடும்! யானையின் கால் தூண்போலவும் மானின் கால் குச்சிபோலவும் இருப்பதன் இரகசியம் இதுவே. பாலத்தில் எத்துணை எடையுள்ள எஞ்சின் செல்லலாம் என்று நம் இரயில்வே பொறியாளர் போடும் கணக்கும் இதற்கு உறவுதான். இராமாயணம் அறிந்த எவருக்கும் இக்கணக்கு விளங்கும். விஞ்ஞானம் கடினமன்று, சொல்பவர் தொடங்கும் இடம்தான் பல நேரம் தவறாகிவிடுகிறது.

1957-ஆம் ஆண்டில் ஹால்டேன் தம் மனைவியாரும் உயிரியல் அறிஞருமான ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியாவில் குடியேறினார். முதலில் கல்கத்தாவில் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்திலும், 1962 முதல் ஒரிசாவின் புவனேசுவரத்திலும் பணியாற்றினார். ஜிப்பா அணிந்தார், புலால் துறந்தார். அகில இந்திய வானொலியில் பட்டேல் நினைவுச் சொற்பொழிவாக, உயிர்களின் ஒருமையும் பன்மையும் பற்றி நாட்டு மக்களுக்கு உரை நிகழ்த்தினார். நம் சென்னையின் ‘இந்து’ நாளிதழிலும் கட்டுரைகள் எழுதினார்.

பிழைப்புக்காக ஊர் பெயர்ந்தவர்கள் நாம். அவரோ அறுபத்து நான்கு வயதில், புகழும் பதவியும் இருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்தார். வந்த இடத்தில் ‘எங்கள் நாட்டில் அப்படி இல்லையே’ என்று புலம்பிக்கொண்டிராமல், இங்கு என்ன உண்டு என்று பார்த்தார். விலையுயர்ந்த கருவிகள் இல்லை; ஆனால் மரமும் செடியும் பறவையும் பூச்சியும் ஏராளம். உயிரைக் கொல்லாமல், உற்று நோக்கியும் எண்ணியும் பெரிய ஆராய்ச்சி செய்யலாம் என்று தம் மாணவர்க்குக் காட்டினார். பறவைகளைத் துன்புறுத்தாமல் ஆராய்வது பற்றி அவர் எழுதிய கட்டுரை 1959-இல் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

அவருடைய ஊக்கத்தினால் டேவிஸ் என்பார் தென்னை மரங்களை ஆராய்ந்தார். தென்னையில் மட்டைகள் சுற்றியேறும் திசை மரத்திற்கு மரம் வேறுபடும். சில இடஞ்சுழி, சில வலஞ்சுழி. இடஞ்சுழித் தென்னை சராசரியில் மிகுதியாகக் காய்க்கிறது எனக் காய்களை எண்ணிக் கண்டறிந்தார். ராய் என்பார் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை நாள்தோறும் எண்ணினார். ஜெயகர் என்பார் ஆள்காட்டிப் பறவையின் கூட்டருகே பொறுமையுடன் காத்திருந்து குறிப்பெடுத்தார். பவழமல்லியை இங்குள்ள மராத்தியர் பாரிஜாதக் என்பர்; புனே நகர் வீட்டு வாசல்கள் பலவற்றில் அது விடியற்காலையில் உதிர்ந்து கிடப்பதை நாம் காண்கிறோம். நம் குழந்தைகள் ஒரு மாதம் நாள்தோறும் நூறு பூக்களைப் பொறுக்கி இதழ்களை எண்ணி ஒரு நோட்டில் எழுதினால், அதுவும் விஞ்ஞானமே. செலவு ஒரு நோட்டும் ஒரு பென்சிலும்தான்.

இப்பொழுது முன்னர்க் குறிப்பிட்ட இரண்டாவது உறவுக்கு வருவோம். தாய்மார்கள் சிறிது செவி சாய்க்க வேண்டுகிறோம்.

மத்தியதரைக் கடலோர நாடுகளில் தலசீமியா என்னும் இரத்தநோய் மிகுதி. இது தாய் தந்தையர் வழி வருவது. பிறக்கும் குழந்தையைக் கொல்லும் நோய், தலைமுறை தலைமுறையாக அழியாமல் நிலைத்திருப்பது ஏன்? அந்நாடுகளில் மலேரியாவும் மிகுதி என்பதை ஹால்டேன் நோக்கினார். தலசீமியாக் கூற்றினை ஒரு பங்கு மட்டும் பெற்றவர் நோயின்றி இருப்பர். அவர்களை மலேரியா எளிதில் கொல்லுவதில்லை போலும். ஆகவேதான் அக்கூறு நிலைத்தது என 1949-இல் எழுதினார். ஆப்பிரிக்காவில் காணும் அரிவாள் அணு இரத்தச்சோகைக்கும் இவ்வுண்மை பொருந்தும் என 1954-இல் ஆலிசன் என்பார் நிறுவினார். இந்தியாவில் இந்த அரிவாள் அணு 1952-இல் முதன்முதல் கண்டறியப்பட்ட இடம் எது தெரியுமா? நம் தமிழகத்து நீலகிரி. அங்கு வாழும் பழங்குடியினரிடையே அது காணப்பட்டது. இம்மகாராட்டிரத்திலும் பழங்குடி மக்கள் பலரிடையே அது உண்டு. இந்நோயை ஒழிக்க 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் அரசு ஒரு தேசிய இயக்கத்தையே தொடங்கியது.

இத்தகைய நோய்களின் கணக்கை விளக்குவோம். ஒவ்வொரு மரபுக்கூறும் நம்மிடம் இரண்டிரண்டாக உள்ளது. ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. இரண்டில் ஒன்று பழுதாயினும் மற்றொன்று வேலை செய்யும். அவருக்கு நோய் இல்லை. தம்மிடம் பழுது இருப்பதே அவர் அறியார். இத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் இரு பழுதும் சேர்ந்து வருவதற்கு 4-இல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. இங்கு ஒரு மயக்கம் நேர்வதுண்டு. முதற்குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு அச்சமில்லை என்று சிலர் எண்ணுவர். அவ்வாறன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே அதே 4-இல் 1. தாயக்கட்டை முன்விழுந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வதில்லை அல்லவா?

நம்மவரிடையே அத்தை மகன், மாமன் மகள் என்றும், அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பதென்றும் உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. தென்னாட்டின் இவ்வழக்கம் ஹால்டேனின் கருத்தை ஈர்த்தது. அவர் மாணவர் துரோணம்ராஜு ஆந்திரப் பகுதியில் இதனை ஆராய்ந்தார். முறைமாமனும் அக்காள் மகளும் தம் மரபுக்கூறுகளில் சராசரி 4-இல் 1 பங்கினை ஒரே மூதாதையரிடமிருந்து பெற்றவர்கள். அத்தை மகனும் மாமன் மகளும் 8-இல் 1 பங்கினை அவ்வாறு பெற்றவர்கள். குடும்பத்தில் ஒரு பழுது மறைந்திருந்தால், இருவரிடமும் அதுவே இருக்கும் வாய்ப்பு அயலார் இருவரைக் காட்டிலும் மிகுதி. இதனால் உறவு மணம் செய்தோர் அனைவருக்கும் தீங்கு வரும் என்பதில்லை. பெரும்பாலோர் நலமான மக்களைப் பெற்று வாழ்கின்றனர். இவ்வவையிலேயே அத்தகையோர் பலர் உளர். அவர்களைக் குறை கூறுவதற்காக நாம் இதனைச் சொல்லவில்லை.

ஆனால் அயலூரில் வாழும் நமக்கு ஓர் ஆவல் உண்டு. வேரறுந்து போகாதிருக்க, ஊரிலுள்ள உறவிலேயே பெண்ணும் பிள்ளையும் தேடுகிறோம். சொந்த ஊரில் வாழ்வோரினும் நாம் அதில் உறுதியாக இருக்கிறோம். அன்பினால் செய்வதை அறிவோடும் செய்வோம் என்பதே நம் வேண்டுகோள். குடும்பத்தில் குழந்தைகள் காரணம் தெரியாமல் இறந்ததுண்டா, அடிக்கடி இரத்தம் செலுத்த வேண்டியோர் உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். சாதகம் பார்ப்பதற்கு முன் மருத்துவரிடமும் ஒரு சொல் கேட்டல் வேண்டும். தலசீமியா, அரிவாள் அணு ஆகியவற்றின் கூறு இருப்பதை இரத்தப் பரிசோதனையால் அறியலாம். ஒரு பெண்ணுக்குப் பிறந்த குழந்தை நலிவுற்றால் அவள் மீதே பழி சுமத்தும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. மேலே கூறிய கணக்கில் தாய் ஒன்று தந்தாள், தந்தை ஒன்று தந்தான்; இருவருக்கும் பங்கு சமம். இவ்வொரு செய்தியை ஒவ்வொரு மாமியாரும் அறிந்தால், எத்தனையோ மருமகள்களின் கண்ணீர் நிற்கும். ஹால்டேன் போன்றோர் விஞ்ஞானத்தை மக்கள் மொழியில் எழுத முற்பட்டதன் பயன் இங்கேதான் விளங்குகிறது.

இப்பணியில் நாம் வாழும் இப்புனே நகரம் முன்னணியில் நிற்பது. 2025-இல் மறைந்த வானியல் அறிஞர் ஜெயந்த் நாரளீகர் இந்நகரிலிருந்து மராத்தியிலேயே விஞ்ஞானக் கதைகள் எழுதினார். அவர் உருவாக்கிய வானியல் மையத்தின் சிறுவர் அறிவியல் கூடத்தில் அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் பழைய செய்தித்தாளும் கொண்டு பல்லாண்டு விளையாட்டுப் பொருள்கள் செய்து காட்டிக் குழந்தைகளுக்கு விஞ்ஞானம் புகட்டினார். தமிழிலும் இம்மரபு உண்டு. ஹால்டேனுக்கு ஓராண்டு முன்னர் 1891-இல் பிறந்த பெ. நா. அப்புசாமி, தொழிலால் வழக்கறிஞர். 1986-இல் மறையும் வரை விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதுவதையே தவமாகக் கொண்டிருந்தார். மராத்தியர் வீட்டுக் குழந்தை தன் தாய்மொழியில் விஞ்ஞானக் கதை கேட்கிறது. நம் வீட்டுக் குழந்தை பள்ளியில் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறது. தெருவில் மராத்தி பேசுகிறது. வீட்டில் தமிழில் ‘சாப்பிட வா’ என்பதோடு நின்றுவிடுகிறது. அறிவை ஏற்றிச் செல்லாத மொழி, சரக்கு ஏற்றாத வண்டி போன்றது. ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஒரு நாள் அதனை நிறுத்திவிடுவார்கள்.

ஹால்டேனின் இறுதிக் காலத்தையும் கூறி முடிப்போம். 1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குடலின் கடைப்பகுதியில் புற்றுநோய் கண்டு இலண்டனில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். மருத்துவமனையில் இருந்தபடியே தம் நோயைப் பற்றி நகைச்சுவையாக ஒரு கவிதை எழுதி வார இதழில் வெளியிட்டார். வெளியே சொல்ல வெட்கப்பட்டு நோயை மறைப்போர், காலத்தே மருத்துவரை நாட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் புவனேசுவரத்தில் காலமானார். மாணவர் பயிலும் பொருட்டுத் தம் உடலைக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். உயிர் பிரிந்த பின்னும் அவர் ஆசிரியராகவே இருந்தார்.

அன்பர்களே, சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். ஞாயிறுதோறும் நடக்கும் நம் தமிழ் வகுப்பில், திங்களுக்கு ஒரு நாள் அரை மணி நேரம் விஞ்ஞானத்திற்கு ஒதுக்குவோம். பேசுவதற்குப் பட்டதாரிகளைத் தேடி அலைய வேண்டா. நம் காலனியில் பிரேக் பொருத்தும் பிட்டர் உளர். காற்றின் அழுத்தம் ஓடும் இரயிலை எங்ஙனம் நிறுத்துகிறது என்று அவர் கூறட்டும். மருத்துவமனைச் செவிலியர் உளர். இரத்த வகைகளைப் பற்றி அவர் கூறட்டும். புனேயின் மார்கழிக் குளிரில் இட்டலி மாவு ஏன் புளிப்பதில்லை, அதனை எங்ஙனம் புளிக்க வைப்பது என்பதை நம் தாய்மார்களினும் நன்கறிந்தவர் எவர்? அதுவும் நுண்ணுயிர் இயலே. விதி ஒன்று மட்டும் வைத்துக்கொள்வோம்: பேசுபவர் முதலில் தம் உரையை, அப்பொருள் அறியாத ஒருவரிடம் படித்துக் காட்ட வேண்டும், அவர்க்கு விளங்கிய பின்னரே மேடை ஏற வேண்டும்.

முதல் உரைக்குப் பேச்சாளர் கிடைக்காவிடில், இடஞ்சுழித் தென்னையைப் பற்றி நாமே பேசச் சித்தமாயுள்ளோம்.